இருட்டறையின் சாவி யாரிடம்?

வட்ஸ்அப் குழுக்களில் மாசத்துக்கு ஒருக்காவது வந்துபோகிற கேள்வி இது: வீட்டில படம் எடிற் பண்ண எந்த சொஃப்ட்வெயார் நல்லம்? கேட்டு ஐந்து நிமிசத்துக்குள்ளே பெயர்கள் வந்து விழும். ஒருவர் ஃபோட்டோஷொப் என்பார். அடுத்தவர், அதெல்லாம் எதுக்கு, போனிலேயே செய்யலாம் என்பார். மூன்றாமவர் உடைத்த கொப்பி ஒன்றின் லிங்கைப் போட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவார். ஏன் அது, ஏன் மற்றது வேண்டாம் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லுறதில்லை.

இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. யார் எழுதினார்கள், எழுதியதை யாரிடம் குடுத்தார்கள், பிறகு என்ன நடந்தது என்பதுதான் அந்த வரலாறு. அதைத் தெரிந்துகொண்டால் எதை எடுப்பது என்ற பதிலும் இலகுவாக வரும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதலில் வீட்டுத் தேவை என்றால் என்ன என்று பார்ப்போம். எங்கட வீடுகளில் அது பெரிய கலை வேலை இல்லை. பாஸ்போட் படத்தின் பின்னணியை வெள்ளையாக்கவேணும். இருட்டாக விழுந்த பிறந்தநாள் படத்துக்கு வெளிச்சம் குடுக்கவேணும். ஒரு கலியாண வீட்டுக் குறூப் படத்திலிருந்து அப்பப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி, அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு அனுப்பவேணும். இடம்பெயர்ந்த காலத்தில் நனைந்து, பூஞ்சணம் பிடித்து, மூலை கிழிந்துபோன ஒரு படத்தை ஸ்கான் பண்ணித் திருத்தவேணும்.

கடைசி இரண்டும் சின்ன வேலைகள் இல்லை. எங்கட பக்கத்தில் கனக்கக் குடும்பங்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு படம்தான் மிச்சம். சிலருக்கு அதுவும் இல்லை. அந்த ஒரு படத்தை எந்தக் கருவிக்குள் கொண்டுபோய்ப் போடுகிறோம் என்பது யோசித்து எடுக்கவேண்டிய முடிவு.

கையால் திருத்திய காலம்

கணினி வருவதற்கு முன்னும் படங்களைத் திருத்தினார்கள். நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் கோடு போட்டு முகச் சுருக்கத்தைக் குறைப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் நிறம் தீட்டுவார்கள். படத்தைக் கழுவுகிற இருட்டறையில், தாளில் விழுகிற வெளிச்சத்தைக் கம்பியில் ஒட்டிய ஒரு மட்டைத் துண்டால் மறைத்தால், மறைத்த இடம் வெளுப்பாக வரும். இரண்டு கையையும் குவித்து ஒரு ஓட்டையால் மட்டும் வெளிச்சத்தை விட்டால் அந்த இடம் கறுக்கும். இன்றைக்கும் ஃபோட்டோஷொப்பின் கருவிப் பட்டியில் ஒரு குச்சி மட்டையும் ஒரு குவிந்த கையும் சின்னங்களாக இருக்கின்றன. அவை எங்கேயிருந்து வந்தன என்று கேட்டால், பதில் இந்த இருட்டறைதான்.

இந்த வேலை தெரிந்தவர்கள் சிலர். வைத்திருக்க இடமும் மருந்தும் உள்ளவர்கள் அதிலும் சிலர். அதனால் ஒரு படத்தில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று முடிவெடுக்கிற பலமும் சிலரிடமே இருந்தது. இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் சோவியத் ஒன்றியத்தினுடையது. மொஸ்கோ - வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர், அவருடைய இரகசியப் பொலிஸின் தலைவர் நிக்கொலாய் யெசோவ். பிறகு பதவி பறிபோய் 1940இல் அவர் கொல்லப்பட்டார். அதே படம் பின்னர் வெளிவந்தபோது அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் இருந்தது.

கணினிக்குள் படம் முதன்முதல் போனது 1957இல். அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்தில் வேலை செய்த ரஸல் கேர்ஷ் என்பவர் தன்னுடைய மூன்று மாதக் குழந்தையின் படத்தை ஸ்கான் பண்ணினார். நீளப்பாட்டில் 176 புள்ளி, அகலப்பாட்டில் 176 புள்ளி. மொத்தமே முப்பத்தோராயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான புள்ளிகள். உலகத்தின் முதல் டிஜிட்டல் படம் ஒரு வீட்டுப் படம் என்பது எங்களுக்குப் பிடித்த செய்தி.

ஆனால் அந்தத் தொழில்நுட்பம் வீட்டுக்கு வர முப்பது வருசத்துக்கு மேல் எடுத்தது. 1980களின் தொடக்கத்தில் கணினியில் படம் திருத்துவதென்றால் பெரிய அச்சகங்களும் சஞ்சிகைகளும் மட்டும் வாங்கக்கூடிய இயந்திரங்கள் தேவைப்பட்டன. நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை 1982 பெப்ரவரி இதழின் அட்டைக்காக, அகலமான ஒரு படத்தில் இருந்த எகிப்தியப் பிரமிட்டுகளை அப்படியொரு இயந்திரத்தால் கிட்டக் கிட்ட நகர்த்தியது. விசயம் வெளியில் வந்தபோது பெரிய விவாதமானது.

தீசிஸுக்குப் பதிலாக ஒரு புரோகிராம்

1987இல் தோமஸ் நோல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரு மக்கின்டோஷ் பிளஸ் கணினி. அதன் திரையில் ஒரு புள்ளி ஒன்றில் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. சாம்பல் நிறத்தைக் காட்டாது. காட்டவைக்க அவர் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினார். தீசிஸ் எழுதவேண்டிய நேரத்தில் வேறொரு வேலையில் மூழ்கிப்போவது எப்படி என்று கம்பஸ் ஆக்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சின்ன வயதிலேயே இருட்டறை வேலை பழகியவர்கள். அவர்களுடைய தகப்பன் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், வீட்டின் நிலக்கீழ் அறையில் சொந்தமாக இருட்டறை வைத்திருந்தவர். தோமஸின் சகோதரர் ஜோன் நோல், ஸ்டார் வோர்ஸ் படங்களுக்குக் காட்சித் தந்திரங்கள் செய்த நிறுவனத்தில் வேலை செய்தார். அண்ணனின் புரோகிராமைப் பார்த்ததும் இதை விற்கலாம் என்று சொன்னவர் அவர்தான்.

முதலில் ஒரு ஸ்கானர் கம்பனி இருநூறு கொப்பி வரையில் தன்னுடைய ஸ்கானரோடு சேர்த்துக் குடுத்தது. 1988இல் அடோபி நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது. 1990 பெப்ரவரியில் ஃபோட்டோஷொப் 1.0 வெளியானது. மக்கின்டோஷில் மட்டும்தான் ஓடும். படலங்கள், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் வைத்தாற்போல வேலை செய்கிற வசதி, 1994இல் மூன்றாம் பதிப்போடு வந்தது. அடியில் இருக்கிற படத்தைத் தொடாமல் மேல் தாளில் திருத்தலாம் என்பதால், பழைய படங்களைத் திருத்துகிறவர்களுக்கு அது பெரிய வரம்.

விலை மட்டும் வீட்டு விலை இல்லை. முதல் பதிப்பே பல நூறு டொலர். அடோபிக்கும் இது தெரியும். அதனால்தான் வீட்டுக்காரருக்கென்று 1996இல் ஃபோட்டோடீலக்ஸ், 2001இல் ஃபோட்டோஷொப் எலமென்ற்ஸ் என்று குறைத்த பதிப்புகளை விட்டது. எங்கட பக்கம் எலமென்ற்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஃபோட்டோஷொப் எங்களிடம் வந்தது பெட்டியில் இல்லை, கொப்பி சீடியில். கணினி கற்றுக்குடுக்கிற இடம், ஸ்ரூடியோ, அச்சகம், கொம்யூனிகேஷன் என்று எல்லா இடத்திலும் ஓடியது அப்படி வந்ததுதான். ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்கள் அதிலேதான் தொழில் பழகினார்கள்.

இதில் நாங்கள் ஒழுக்கப் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் உடைத்த கொப்பி ஒரு பழக்கத்தைத் தந்தது. படம் திருத்துவதென்றால் ஃபோட்டோஷொப், வேறொன்றும் கிடையாது என்ற எண்ணம் அது. காசு குடுக்காமல் கிடைத்தபடியால், காசு குடுக்கத் தேவையில்லாத மற்ற வழிகளை நாங்கள் தேடவே இல்லை.

பேர்க்லியில் இரண்டு மாணவர்கள்

1995இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மற்றிஸ் என்று இரண்டு இளநிலை மாணவர்கள். தங்கட வளாகத்தின் கணினிக் கழகம் ஒன்றில் இருந்தபடி, யுனிக்ஸ் கணினிகளுக்கு ஒரு படத் திருத்தி எழுதத் தொடங்கினார்கள். 1996 ஜனவரியில் பொதுவெளிக்கு விட்டார்கள். பெயர் கிம்ப். யாரும் எடுக்கலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் குடுக்கலாம். மாற்றிக் குடுத்தால் அந்த மாற்றத்தையும் அதே உரிமையோடுதான் குடுக்கவேணும். இதுதான் அதன் உரிமத்தின் சாரம்.

முதல் பதிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. திரையில் பொத்தான்களையும் பெட்டிகளையும் காட்ட அவர்கள் பயன்படுத்திய மோட்டிஃப் என்ற கருவித்தொகுதி காசுக்கு விற்கப்பட்ட ஒன்று. மேல் வீடு இலவசம், அத்திவாரம் வாடகை என்ற நிலை. அதனால் அத்திவாரத்தையும் தாங்களே எழுதினார்கள். அதன் பெயர் ஜிடிகே. பின்னாளில் லினக்ஸ் கணினிகளில் ஓடுகிற க்னோம் என்ற முழுத் திரைச்சூழலே அந்த ஜிடிகேயின் மேல்தான் கட்டப்பட்டது. லினக்ஸின் சின்னமான அந்தக் குண்டுப் பென்குயினை 1996இல் லரி யூயிங் வரைந்ததும் கிம்பில்தான்.

பிறகு இரண்டு பேரும் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். கொஞ்சக் காலம் எல்லாம் நின்றுபோனது. எழுதியவர்கள் விட்டுப்போன ஒரு மென்பொருள் அதோடு முடிந்துபோவதுதான் வழமை. இது முடியவில்லை. உள்ளே இருப்பது எல்லாருக்கும் திறந்திருந்தபடியால் வேறு ஆக்கள் எடுத்துத் தொடர்ந்தார்கள். 1998இல் 1.0 வந்தது.

குறைகளையும் சொல்லவேணும். கிம்ப் மெதுவாக வளர்ந்த பிள்ளை. ஒவ்வொரு கருவிப் பெட்டியும் தனித்தனி யன்னலாகத் திரை முழுக்கச் சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே யன்னலுக்குள் கொண்டுவர 2012 வரை எடுத்தது. நிறங்களை நுணுக்கமாகக் கையாளும் வசதி 2018இல் 2.10 பதிப்போடு வந்தது. படத்தை அழிக்காமல் விளைவுகளை மேலே போட்டு, பிறகும் மாற்றக்கூடிய வசதிக்கு 2025 மார்ச்சில் 3.0 வரும் வரைக்கும் காத்திருக்கவேண்டி இருந்தது. ஃபோட்டோஷொப்பில் பழகிய கைக்கு முதல் இரண்டு கிழமை எரிச்சல் வரும். எங்களுக்கும் வந்தது.

ஆனால் தமிழ் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு இலாபம் இருக்கிறது. பழைய ஃபோட்டோஷொப் பதிப்புகளில் யுனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராது, பின்னால் போய் நிற்கும். எங்கட அச்சகங்கள் பாமினி எழுத்துருவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இது ஒரு காரணம். இப்போதைய பதிப்புகளில் சரியாக வரும், ஆனால் அதற்குரிய தெரிவைத் தேடிப் போட்டுவிடவேண்டி இருக்கும். ஜிடிகேயின் உலகத்தில் எழுத்தைக் கோப்பதற்கென்று பாங்கோ என்ற ஒரு பகுதி எழுதப்பட்டது. கிரேக்கச் சொல்லும் யப்பானியச் சொல்லும் சேர்ந்த அந்தப் பெயருக்கு எல்லா மொழியும் என்று பொருள். 2004இல் வந்த கிம்ப் 2.0 அதைத்தான் எழுத்துக்குப் பயன்படுத்தியது. பேர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கி வைத்த வேலையின் மேல் முகம் தெரியாத வேறு ஆக்கள் அடுக்கிக்கொண்டு போனதால், கல்வெட்டின் அட்டையில் கொம்பு சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது.

மூன்றாவதாகவும் ஒரு மாணவர் கதை உண்டு. 2004இல் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், மைக்ரோசொஃப்ட்டின் வழிகாட்டலோடு இறுதியாண்டு மாணவர்கள் செய்த வேலைத்திட்டம்தான் பெயின்ட் டொட் நெட். விண்டோஸில் மட்டும் ஓடும், பழக மிக இலகு. ரிக் புரூஸ்டர் என்பவர் படிப்பு முடிந்த பிறகும் அதை விடாமல் கொண்டுபோனார். தொடக்கத்தில் அதன் நிரலும் திறந்திருந்தது. சிலர் அதை எடுத்துப் பெயரை மாற்றித் தங்கட சொந்தப் பொருள்போல விட்டதால் பிறகு மூடிவிட்டார். இன்றைக்கும் இலவசம், ஆனால் கதவு பூட்டியிருக்கிறது.

மூன்றும் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எழுதியவை. ஒன்று ஒரு கம்பனியிடம் போனது. ஒன்று எல்லாருக்கும் போனது. ஒன்று ஒரு மனிதரின் கையில் நின்றது. அன்றைக்கு அவர்கள் எடுத்த முடிவுதான் இன்றைக்கு எங்கட படங்களுக்கு எது நடக்கலாம், எது நடக்காது என்பதைத் தீர்மானிக்கிறது.

இலவசமாக வந்தது போனபோது

வீட்டுக்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்களில் ஆக்களுக்கு மிகவும் பிடித்தது பிக்காசா. பெயருக்குள்ளேயே வீடு என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் ஒளிந்திருந்தது. 2004இல் கூகுள் அதை வாங்கி இலவசமாக்கியது. கணினியில் எங்கெங்கோ கிடக்கிற படங்களை எல்லாம் தானே தேடி எடுத்து ஆண்டு வாரியாக அடுக்கிவிடும். ஒரு பொத்தானை அமத்தினால் வெளிச்சமும் நிறமும் சரியாகும். மூலப்படத்தில் கை வைக்காது. என்ன திருத்தம் செய்தோம் என்பதை வேறொரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும்.

2009இல் முகங்களை அடையாளம் காண்கிற வசதியும் வந்தது. ஒரு முகத்துக்குப் பெயர் குடுத்தால், அதே முகம் உள்ள மற்றப் படங்களையும் தேடித் தரும். பழைய படம் நிறைய உள்ள வீட்டில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கோ. ஒரு குறூப் படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கிறவர் யார் என்று சொல்லக்கூடிய ஆள் ஒரு குடும்பத்தில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு முகமாகக் கேட்டு, பெயரைத் தட்டச்சுச் செய்து வைத்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

2016 மார்ச்சில் கூகுள் பிக்காசாவைக் கைவிட்டது. கணினியில் போட்டு வைத்திருந்தவர்களுக்குத் தொடர்ந்து ஓடியதென்றாலும், இனிமேல் திருத்தமும் இல்லை, புதுப் பதிப்பும் இல்லை. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் படத்துக்குள்ளே எழுதப்பட்டிருக்கவில்லை. அவை பிக்காசாவின் சொந்தக் கோப்புகளில் இருந்தன. படத்தை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துக்கொண்டு போனால் முகம் போகும், பெயர் போகாது.

கிம்பும் இலவசம், பிக்காசாவும் இலவசம். ஆனால் எழுதியவர்கள் விட்டுப்போனபோது ஒன்று தொடர்ந்தது, மற்றது நின்றது. பிக்காசாவின் உள்ளே யாரும் போய் ஒரு ஆணியையும் கழற்றிப் பூட்ட முடியாது. எங்களுக்குத் தமிழில் இலவசம், சுதந்திரம் என்று இரண்டு சொல் தனித்தனியாக இருக்கிறது. ஆங்கிலக்காரருக்கு இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் விளக்கிச் சொல்லவே அவர்கள் படாத பாடு படுகிறார்கள். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, எண்டாலும் மென்பொருள் என்று வந்தால் நாங்களும் விலையை மட்டும்தான் பார்க்கிறோம்.

சொந்த வீடு வாடகை வீடானது

2013இல் இரண்டு விசயங்கள் நடந்தன. பெப்ரவரியில், கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம், அடோபியின் அனுமதியோடு ஃபோட்டோஷொப்பின் முதல் பதிப்பின் மூல நிரலை வெளியிட்டது. பெரும்பாலும் பஸ்கால் மொழியில், ஏறத்தாழ 128,000 வரிகள். வரலாறு படிக்கிற எங்களுக்கு அது ஒரு ஆவணம். யாரும் எடுத்து வாசிக்கலாம்.

மே மாதத்தில் அடோபி இன்னொரு அறிவித்தலை விட்டது. இனிமேல் ஃபோட்டோஷொப்பின் புதிய பதிப்புகளை ஒரேயடியாகக் காசு குடுத்து வாங்க முடியாது, சந்தா கட்டித்தான் பாவிக்கலாம். 2012இல் வந்த சிஎஸ்6 தான் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பதிப்பாகப் போனது. முதல் பதிப்பு அருங்காட்சியகத்தில் திறந்து கிடக்க, புதிய பதிப்பு வாடகைக்கு மட்டும் என்றானது.

தொழிலாகச் செய்கிற ஸ்ரூடியோவுக்கு மாசச் சந்தா ஒரு செலவுக் கணக்கு. உழைப்பில் எடுத்துவிடலாம். வருசத்தில் மூன்று நாலு தரம் படம் திருத்துகிற வீட்டுக்கு அது வேறு கணக்கு. மகாபொலக் காசில் படிக்கிறவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. அதுவும் டொலரில் கட்டவேண்டிய சந்தா, ரூபா விழுகிற நேரமெல்லாம் தானாகவே ஏறும். 2022ஐக் கண்ட எங்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டிய விசயம் இல்லை. சந்தாவை நிறுத்தினால் படலம் படலமாகச் சேமித்து வைத்த வேலையை அதே மென்பொருளில் திறந்து திருத்தவும் முடியாது.

இலவசமாகத் தந்த இடங்களும் மாறின. கூகுள் போட்டோஸ் 2015இல் வந்தபோது, அளவு குறைத்த படங்களை எவ்வளவும் ஏற்றலாம் என்றது. 2021 ஜூன் 1ஆம் திகதியோடு அந்தச் சலுகை முடிந்தது. ஒரு தரம் வாங்கினால் போதும் என்று 2015இல் வந்து ஃபோட்டோஷொப்புக்குப் போட்டியாக நின்ற அஃபினிற்றி ஃபோட்டோ, 2024இல் கன்வாவின் கைக்குப் போனது. இதில் யாரையும் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. கம்பனிகள் தங்கட கணக்கைப் பார்ப்பது இயல்பு. நாங்களும் எங்கட கணக்கைப் பார்க்கவேணும், அவ்வளவுதான்.

இல்லாத முகம்

இப்போது பெரும்பாலும் படம் திருத்துவது போனில்தான். 2010இல் இன்ஸ்டகிராம் ஒரு தட்டில் நிறம் மாற்றுவதைப் பழக்கியது. 2011இல் வந்த ஸ்னப்சீட் அதைவிட நுணுக்கமான கருவிகளை விரல் நுனிக்குக் கொண்டுவந்தது. அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்கித் தருகிற செயலிகள் குவிந்திருக்கின்றன. மங்கலான பழைய படத்தைக் குடுத்தால் சில நொடியில் கண் இமை வரை தெரிகிற முகம் வரும்.

அந்த இமை எங்கேயிருந்து வந்தது? படத்தில் இருந்து இல்லை. படத்தில் இல்லாத தகவலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஏராளமான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு மாதிரி, இந்த இடத்தில் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. வருகிறது அப்பப்பாவின் முகத்துக்குக் கிட்டத்தட்ட உள்ள ஒரு முகம். அவரை நேரில் கண்டவர்கள், என்னவோ மாதிரி இருக்குது என்பார்கள். காணாத பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் அப்பப்பா. யெசோவ் நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்தவருக்குத் தான் என்ன செய்கிறேன் என்று தெரியும். இங்கே அன்பினால் செய்கிறோம், என்ன செய்தோம் என்றே தெரியாமல் செய்கிறோம்.

கல்வெட்டு என்பது வீட்டோடு முடிகிற பொருளும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஊர் ஊராக வெளிவந்த நினைவு மலர்கள் ஸ்கான் பண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு ஊரின் பள்ளிக்கூடம், கடை, வாசிகசாலை, சாதி, புலப்பெயர்வு என்று தேடுகிறவர்களுக்கு அவை மூலங்கள். இன்றைக்கு நாங்கள் வீட்டு மேசையில் வெட்டி ஒட்டுகிற படம் நாளைக்கு ஒருத்தருக்குச் சான்று. அந்த யோசனையோடுதான் கருவியையும் தெரிய வேணும்.

அப்ப எதை எடுக்கிறது?

நாங்கள் நாலு கேள்வி கேட்போம். மூலப்படத்தை அது தொடாமல் விடுமா? நான் செய்த வேலையை வேறு மென்பொருளிலும் திறக்கலாமா? யுனிகோட் தமிழ் ஒழுங்காக வருமா? இதன் சொந்தக்காரர் நாளைக்கு மனம் மாறினால் என்னிடம் என்ன மிஞ்சும்?

வெட்டுதல், வெளிச்சம் கூட்டுதல், பாஸ்போட் அளவு ஆகியவற்றுக்குப் போனில் ஏற்கெனவே இருக்கிற கருவியே போதும். விண்டோஸ் கணினி என்றால் பெயின்ட் டொட் நெட் நல்லம். கீறல், கிழிசல், பூஞ்சணம் உள்ள பழைய படத்துக்கு கிம்பைப் பழகுங்கோ. பக்கத்தில் உள்ள நல்ல பகுதியை எடுத்து பழுதான இடத்தை மூடுகிற குளோன், ஹீல் என்ற இரண்டு கருவிகளும் படலங்களும் தெரிந்தால் வீட்டு வேலையில் முக்கால்வாசி முடியும். ஒன்றையும் நிறுவ முடியாத, இன்னொருவருடைய கணினியில் செய்யவேண்டி வந்தால் உலாவிக்குள்ளேயே ஓடுகிற ஃபோட்டோபீ இருக்கிறது. இவான் குற்ஸ்கிர் என்ற நிரலாளர் எழுதியது. ஃபோட்டோஷொப் கோப்புகளையும் திறக்கும். நல்ல கமராவில் ரோ வடிவத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு டார்க்டேபிள் உண்டு, அதுவும் கிம்ப் போலத் திறந்த மென்பொருள். படம் திருத்துவதையே தொழிலாக எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஃபோட்டோஷொப்பைப் பழகத்தான் வேணும், அந்தத் துறை அதில்தான் ஓடுகிறது. லிங்கில் வருகிற உடைத்த கொப்பியைத் தொடாதீங்கோ. அதற்குள்ளே வேறு என்ன ஏறி வருகிறதென்று உங்களுக்குத் தெரியாது, அந்தக் கணினியில்தான் உங்கட அசைன்மென்றும் இருக்கும்.

எதை எடுத்தாலும் செய்முறை ஒன்றுதான். பழைய சின்னப் படம் என்றால் 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணுங்கோ. டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவத்தில் சேமியுங்கோ. ஜேபெக் ஒவ்வொரு தரம் திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவலை இழக்கும். அந்த ஸ்கானை ஒரு ஃபோல்டரில் பூட்டி வைத்துவிட்டு அதன் கொப்பியில் மட்டும் கை வையுங்கோ. குறூப் படத்தில் ஒரு முகத்தை வெட்டி எடுத்துவிட்டு அதன் மேலேயே சேமித்தால், பக்கத்தில் நின்ற இருபது பேரும் அதோடு போய்விடுவார்கள். அவர்களில் ஒருவருக்கு அது ஒன்றுதான் படமாக இருக்கலாம்.

பெயர்களை மென்பொருளின் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீங்கோ. கோப்பின் பெயரிலே எழுதுங்கோ. படத்தின் பின்பக்கத்தில் ஏற்கெனவே ஏதும் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கான் பண்ணுங்கோ. ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் முன்வரிசை இடமிருந்து வலம் என்று தொடங்கி எழுதி, படத்தோடு அதே ஃபோல்டரில் போடுங்கோ. எழுத்துக் கோப்பை எந்தக் கணினியும் திறக்கும், அதற்குச் சந்தா இல்லை. அந்த வரிசையைச் சொல்லித் தரக்கூடியவர் வீட்டில் இருந்தால், கிம்பைத் தரவிறக்குவதற்கு முதல் அவரிடம் போய் இருங்கோ.